நடுச் சாம்பல் யாருடைய நிறம்?

போன வருசம் எங்கட ஊரில் மூத்த ஆட்களின் கதைகளைப் பதிவு செய்யும் சின்ன வேலை ஒன்றைத் தொடங்கினோம். முதல் ஆள் ஒரு அம்மம்மா. வெள்ளைச் சீலை, பின்னால் புதுசா வெள்ளை அடிச்ச சுவர், வயல் வெயிலில் கறுத்த முகம். படத்தை எடுத்து, அன்றிரவே அறை லைட்டை நூத்துப்போட்டு, லப்டொப் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி வைத்து எடிற் பண்ணினோம். திரையில் வடிவாகத்தான் இருந்தது. அடுத்த நாள் பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் சுவரும் சாம்பல், சீலையும் சாம்பல். முகத்தில் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியேல்ல.

சரி, பிழைச்சுப் போச்சு என்று இரண்டாம் தரம் 'ஒட்டோ' பட்டனை அமத்திவிட்டு, போதாதென்று வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தினோம். இப்ப முகம் நல்லாத் தெரிஞ்சுது. ஆனால் சீலையின் மடிப்பெல்லாம் காணாமல் போய், முகம் மா பூசினது மாதிரி வெளிறிக் கிடந்தது. கொண்டுபோய்க் கையில் குடுத்தோம். அம்மம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இது ஆர் பிள்ளையள்?"

முதல் படத்தில் எங்களை ஏமாற்றியது எங்கட கண். இருட்டறையில் பிரகாசமான திரையைப் பார்த்தால் இருண்ட படமும் வெளிச்சமாய்த்தான் தெரியும். இரண்டாம் படத்தில் ஏமாற்றியது இயந்திரம். கண்ணையும் நம்ப ஏலாது, இயந்திரத்தையும் நம்ப ஏலாது என்றால் எதை நம்புவது? விடை திரையின் மூலையில் ஒரு சின்ன மலை மாதிரிக் கிடந்தது. நாங்கள்தான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

அந்த மலையின் பெயர் ஹிஸ்டோகிராம். பயந்திடாதேங்கோ, ஓ/எல் கணிதத்தில் வகுப்பாயிடையும் மீடிறனும் போட்டுக் கீறின அதே வலையுருவரையம்தான். அங்கே மாணவரின் புள்ளிகளை எண்ணினோம். இங்கே கணினி பிக்சல்களை எண்ணுகிறது. சாதாரண படமொன்றில் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று எண்ணி, இடமிருந்து வலமாக அடுக்கினால் மலை உருவாகும். மலை இடப்பக்கச் சுவரில் மோதி நின்றால் நிழலில் விபரம் தொலைந்துவிட்டது. வலப்பக்கச் சுவரில் மோதினால் வெள்ளையில் விபரம் எரிந்துவிட்டது. அறை லைட் எரிந்தாலும் அணைந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. அதனால்தான் இது கண்ணைவிட நேர்மையானது.

ஆனால் எண்ணுவது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. ஒளியை அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டையும் ஆட்கள் குழப்பிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தின் சரித்திரம்தான் அம்மம்மாவின் முகத்தில் மா பூசியது.

விட்னெஸ், 1890

இங்கிலாந்தின் லங்காஷயரில் விட்னெஸ் என்றொரு இரசாயனத் தொழிற்சாலை நகரம். அங்கே ஒரே கம்பனியில் வேலை செய்த இருவர்: சுவிற்சர்லாந்திலிருந்து வந்த இரசாயனவியலாளர் ஃபெர்டினன்ட் ஹேர்ட்டர், எஞ்சினியர் வீரோ சார்ல்ஸ் ட்ரிஃபீல்ட். ட்ரிஃபீல்டுக்குப் படம் எடுப்பதில் ஆசை; ஹேர்ட்டரையும் அதற்குள் இழுத்துவிட்டார். ஆனால் ஹேர்ட்டருக்கு ஒரு விசயம் பொறுக்கேல்ல. எவ்வளவு நேரம் ஒளியை விடுவது என்பதை எல்லாரும் கைப்பழக்கத்தில், ஒரு குத்துமதிப்பில் செய்துகொண்டிருந்தார்கள். கணக்குத் தெரிந்த மனிசனுக்கு அது வெறும் ஊகம்.

இரண்டு பேரும் பல வருசங்கள் வேலை முடிந்த நேரங்களில் இருந்து அளந்தார்கள். கண்ணாடித் தட்டுக்கு மெழுகுதிரி வெளிச்சத்தைப் படிப்படியாக இரட்டித்து விட்டு, ஒவ்வொரு படியிலும் தட்டு எவ்வளவு கறுக்கிறது என்று குறித்தார்கள். 1890இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒளியின் மடக்கையை ஒரு அச்சிலும் தட்டின் கறுமையை மற்ற அச்சிலும் போட்டால், சாய்ந்த எஸ் எழுத்து மாதிரி ஒரு வளைவு வரும். அடியில் தட்டையான பகுதி, நடுவில் நேர்கோடு, மேலே திரும்பவும் தட்டை. அடியில் மாட்டினால் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். உச்சியில் மாட்டினால் வெளிச்சங்கள் ஒட்டிப்போகும். இப்ப எங்கட வலையுருவரையத்தின் இடச்சுவரும் வலச்சுவரும் செய்வது கிட்டத்தட்ட இந்த வேலைதான்.

அவர்கள் சொன்ன இன்னொரு விசயம் பலருக்குப் பிடிக்கவில்லை: எக்ஸ்போஷரில் விட்ட பிழையை டெவலப் பண்ணும்போது விரும்பியபடி திருத்த ஏலாது. அந்தக் காலத்தில் புகைப்படத்தைக் கலை என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் பீற்றர் ஹென்றி எமர்சன். இந்த ஆய்வு அவரை உலுக்கிவிட்டது. தொனிகளைக் கலைஞன் தன் விருப்பப்படி மாற்ற ஏலாதென்றால் இது என்ன கலை? கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல் மாதிரி ஒரு சிறு நூலை வெளியிட்டு, தன் பழைய கொள்கையையே அவர் கைவிட்டார். ஓர் அளவீடு வந்தவுடன் மனிதனின் தீர்மானத்துக்கு இடமில்லை என்று நினைத்த முதல் ஆள் எமர்சன் அல்ல, கடைசி ஆளும் அல்ல. 'ஒட்டோ'வை அமத்தின நாங்களும் அதையேதான் நினைத்தோம்.

'ஹிஸ்டோகிராம்' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே காலத்தில்தான் பிறந்தது. உருவாக்கியவர் லண்டனின் கார்ல் பியர்சன். 1895இல் அவருடைய கட்டுரையில் அது அச்சில் வருகிறது. புள்ளிவிபரவியலுக்கு அவர் குடுத்தது பெரிசு. அதே பியர்சன்தான் 1911இல் லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜில் யூஜெனிக்ஸ் துறையின் முதல் பேராசிரியர் ஆனார். மனிதரில் மேலான இனம், கீழான இனம் உண்டென்றும், கீழானது பெருகக் கூடாதென்றும் வாதாடிய துறை அது. 2020இல் அந்தப் பல்கலைக்கழகம் தன் கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. வலையுருவரையம் இதற்குக் குற்றவாளி இல்லை. ஆனால் சரியாக எண்ணத் தெரிந்தவர் சரியாகத் தீர்ப்பளிப்பார் என்று நம்ப வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல்லைப் பெற்றவரே சாட்சி.

காகமும் கொக்கும்

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பனி ஒளிமின்கலம் வைத்த எக்ஸ்போஷர் மீற்றரை விற்பனைக்கு விட்டது. ஊகம் போய் முள் வந்தது. பிற்காலத்தில் அந்த மீற்றர் கமராவுக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் மீற்றருக்கு ஒரு சிக்கல் உண்டு: அது ஒளியை அளக்கும், பொருளை அறியாது. வரும் ஒளி வெள்ளைச் சீலையிலிருந்தா கரி மூட்டையிலிருந்தா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஓர் அனுமானத்தை வைத்து அளவு குறித்தார்கள்: எதைக் காட்டினாலும் அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல். பழைய ஸ்ரூடியோக்களில் வைத்திருந்த சாம்பல் அட்டை, விழும் ஒளியில் 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும். வெறும் 18 வீதம் எப்படி நடு ஆகும் என்று கேட்கலாம். எங்கட கண் ஒளியைக் கூட்டல் கணக்காகப் பார்ப்பதில்லை, மடங்குகளாகப் பார்க்கிறது. அந்தக் கண்ணுக்கு கறுப்புக்கும் வெள்ளைக்கும் பாதிவழி என்று தோன்றும் இடம் ஏறக்குறைய அதுதான்.

அனுமானம் மோசமில்லை, நிறையப் படங்களுக்குச் சரிவரும். ஆனால் படம் முழுக்க நிரம்பக் காகத்தை எடுத்தாலும் கொக்கை எடுத்தாலும், மீற்றரைக் கேட்டால் கிடைப்பது சாம்பல் பறவைதான். எங்கட முதல் படத்தில் நடந்தது இதுதான். சட்டகத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சீலையும். மீற்றர் அவற்றை நடுச் சாம்பலுக்கு இறக்கியது. அதோடு சேர்ந்து முகமும் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது.

இந்த அனுமானத்தோடு சண்டை பிடிக்க வழி காட்டியவர்களில் ஒருவர் அன்சல் அடம்ஸ். 1940 அளவில் அவரும் ஃபிரெட் ஆச்சரும் சேர்ந்து 'சோன் சிஸ்டம்' என்ற முறையை உருவாக்கினார்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 10 வரையான வலயங்கள். ஐந்தாவது நடுச் சாம்பல். மீற்றர் எதைக் காட்டினாலும் அதை ஐந்தாக்கச் சொல்லும். நீ அந்தப் பொருள் எந்த வலயத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்து, அங்கே கொண்டுபோய் வை. இதுதான் அந்த முறையின் உயிர். மீற்றர் விடை சொல்வதில்லை, கேள்வியைத்தான் தருகிறது.

1941 நவம்பர் 1, பின்னேரம். நியூ மெக்சிக்கோவின் ஹேர்னாண்டஸ் கிராமத்தருகே காரில் போன அடம்ஸ், நிலா எழுவதையும் கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் மின்னுவதையும் கண்டார். (இந்தத் திகதியே அவருக்கு ஞாபகம் இல்லை, பிறகு வானியல்காரர்கள் நிலாவின் இடத்தை வைத்துக் கணித்துச் சொன்னது.) கமராவை நிறுத்தியாச்சு, மீற்றரைக் காணேல்ல! நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது மனதில் இருந்தது. அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு தட்டை எடுத்தார். இரண்டாவதுக்கு ஆயத்தமாக முன் சிலுவைகளில் வெயில் போய்விட்டது. நெகட்டிவில் முன்பக்க நிலம் மெல்லியதாகத்தான் விழுந்திருந்தது. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் இரசாயனத்தால் கனதியாக்கினார். அதற்குப் பிறகும் வருசக்கணக்காக அந்தப் படத்தைப் பிரிண்ட் பண்ணும்போதெல்லாம் வானத்தை மேலும் மேலும் இருட்டாக்கிக்கொண்டு போனார். அளவு ஒன்று, நெகட்டிவ் ஒன்று, தீர்மானங்கள் பல. அடம்ஸ் இளமையில் பியானோக் கலைஞராக வரப் பயின்றவர். ஒரே இசைக்குறிப்பை இரண்டு தரம் ஒரே மாதிரி வாசிக்கத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இதே காலத்தில் கொழும்பிலும் ஒரு பியானோக்காரர் கமராவைத் தூக்கினார். லயனல் வென்ட், 1900இல் பிறந்தவர், அடம்ஸைவிட ஒரு வயதுக்குக் கொஞ்சம் கூட மூப்பு. லண்டனில் இசை படித்தவர். பிறகு '43 குழுவை ஒன்று சேர்த்தவர். இருட்டறையில் படத்தின் தொனிகளைத் தலைகீழாக்கும் சோலரைசேஷன் வரைக்கும் பரிசோதனை செய்தார். அவருடைய படங்களில் இந்த நாட்டின் கறுத்த உடல்கள் கறுப்பாகவே இருக்கும், ஆனால் இருட்டாக இராது. தோளில், முதுகில், கன்ன எலும்பில் ஒளி விழுந்து வழுக்கிப் போகும். கறுத்த தோலைக் காட்ட அதை வெளுக்கத் தேவையில்லை, அதன்மேல் விழும் ஒளியைக் காட்டினால் போதும். 1930களில் இங்கேயே ஒருவர் இதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஷேர்லியின் அட்டை

நடுவான சாம்பல் என்று ஒன்றை வைத்தது போல, நடுவான முகம் என்றும் ஒன்றை வைத்தார்கள். 1950கள் தொடக்கம் கொடாக் தன் பிலிம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. அதில் வெள்ளைத் தோலுடைய ஒரு பெண். முதலில் போஸ் குடுத்தவரின் பெயரை வைத்து அதற்கு 'ஷேர்லி அட்டை' என்றே பெயர் வந்தது. அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்ற முகங்கள் எப்படி வந்தாலும் அது அந்த முகங்களின் பிரச்சினை.

இதை ஆராய்ந்து எழுதியவர் கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா றோத். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடக் குழுப்படங்களில், கறுப்புப் பிள்ளைகளின் முகம் விபரமில்லாமல் கறுத்துப்போகும். தாய்மார் இதைக் கவனித்தார்கள். ஆனால் பிலிமில் மண்ணிறங்களைத் திருத்தும்படி கொடாக்கை உந்தியது இன்னொரு பக்கத்து முறைப்பாடு என்று றோத் தன் 2009ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதுகிறார். சொக்லேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் தங்கட விளம்பரப் படங்களில் கறுப்புச் சொக்லேட்டுக்கும் பால் சொக்லேட்டுக்கும், ஒரு மரத்துக்கும் மற்ற மரத்துக்கும் வித்தியாசம் தெரியேல்ல என்று கேட்டனவாம். மனிசருக்குக் கிடைக்காத நியாயம் சொக்லேட்டுக்குக் கிடைத்தது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டைகள் வர 1990கள் ஆயிற்று.

எண்களாய் மாறிய படம்

இதற்கிடையில் படம் எண்ணாக மாறிக்கொண்டிருந்தது. 1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கேர்ஷ் என்ற ஆய்வாளர் தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார்: 176 தர 176, மொத்தம் 30,976 பிக்சல். அந்த ஸ்கானருக்குக் கறுப்பு அல்லது வெள்ளை மட்டும்தான் தெரியும். அதனால் வெவ்வேறு வெளிச்ச எல்லைகளை வைத்துப் பல தரம் ஸ்கான் செய்து, அவற்றைச் சேர்த்துச் சாம்பல் நிறங்களை உண்டாக்கினார்.

1965 யூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்துபோய்ப் படங்களை அனுப்பியது. ஒவ்வொன்றும் 200 தர 200 பிக்சல், 64 சாம்பல் படிகள். ஒரு படம் வந்து சேர எட்டு மணித்தியாலத்துக்கு மேல். பொறுமை இல்லாத எஞ்சினியர்மார், வந்த எண்களைக் காகிதக் கீற்றுகளாகச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கு ஏற்ற மாதிரிப் பஸ்ரல் கலரால் கையாலேயே நிறம் தீட்டினார்கள். செவ்வாயின் படங்கள் வெளிறிக் கிடந்தன. தொனிகள் எல்லாம் ஒரு சின்ன இடைவெளிக்குள் நெருங்கிக் கிடந்தன. கணினியில் அந்த நெருக்கத்தை இழுத்து விரித்தபோதுதான் பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் இப்ப 'லெவல்ஸ்' பெட்டியைத் திறந்து, மலையின் இரண்டு அடிவாரங்களுக்கும் முக்கோணங்களை நகர்த்துவது அதே வேலைதான்.

தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் எழுதிய போட்டோஷொப் 1990இல் வந்தது. வலையுருவரையம் ஆய்வுகூடத்தை விட்டு மேசைக்கு வந்தது, பிறகு கமராவின் முதுகுக்கு, இப்ப போனுக்குள். 2003இல் மைக்கல் ரைக்மன் என்ற கனடாப் புகைப்படக்காரர், தோமஸ் நோலோடு கதைத்ததை வைத்து எழுதிய ஒரு கட்டுரை பெரிசாகப் பரவியது. அதன் சாரம் எங்கட முகங்களுக்கு முக்கியமானது.

டிஜிற்றல் சென்சர் ஒளியை மடங்காக எண்ணுவதில்லை, நேராக எண்ணும். 12 பிற் கமராவில் 4,096 படிகள். இதில் ஆக வெளிச்சமான ஒரு ஸ்டொப்புக்கு மட்டும் பாதி, அதாவது 2,048 படிகள். அடுத்ததுக்கு 1,024, பிறகு 512, 256, 128. இருட்டுப் பக்கம் போகப்போகப் படிகள் கரையும். ஆகவே வெள்ளை எரியாத அளவுக்கு மலையை வலப்பக்கமாகத் தள்ளி எடு, பிறகு தேவையென்றால் இறக்கு என்றார் ரைக்மன்.

இப்ப அம்மம்மாவின் முகத்தை யோசித்துப் பாருங்கோ. மீற்றர் வெள்ளைச் சுவருக்குப் பயந்து படத்தை இருட்டாக்கும்போது, சீலைக்கு இன்னும் நூற்றுக்கணக்கான படிகள் மிஞ்சும். ஏற்கனவே கறுத்த முகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதைப் பிறகு பிடிச்சுத் தூக்கினால் வருவது தோல் இல்லை, புள்ளி புள்ளியான இரைச்சல். ஒரே பிழையில் வெள்ளைக்கு நட்டம் குறைவு, கறுப்புக்கு நட்டம் கூட. யாரும் வெறுப்போடு செய்யாமலே அநியாயம் நடப்பது இப்படித்தான். பெரிய போன் கம்பனிகளும் இதை இப்பதான் வெளிப்படையாகக் கதைக்கத் தொடங்கியிருக்கின்றன. கூகுள் 2021இல் 'றியல் ரோன்' என்ற பெயரில் கறுத்த தோல்களுக்கான திருத்தங்களைக் கொண்டுவந்தது.

மூன்றாம் தரம்

நல்லவேளை, படம் ரோ கோப்பாக இருந்தது. பகலில், அறை வெளிச்சத்தில், முதலில் படத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய குவியல்: அதுதான் சுவரும் சீலையும். இடது மூலையில் ஒரு சின்ன மேடு: முகம். வலப்பக்கம் முழுக்க வெறுமை. நோய் என்னவென்று படம் சொல்லாததை அது சொன்னது. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை.

எக்ஸ்போஷரை மெல்ல ஏற்றினோம். ஒன்றரை ஸ்டொப் அளவில் பெரிய குவியல் வலச்சுவருக்குக் கிட்டப் போனது. முட்ட முதல் நிறுத்தினோம். சீலை வெள்ளையானது, மடிப்புகள் இருந்தன. முகம் தானாகவே கிணற்றிலிருந்து ஏறி, நடுவுக்கு இடப்பக்கமாக வந்து நின்றது. கொஞ்சம் புள்ளி தெரிஞ்சுது. எடுக்கும்போதே வலப்பக்கமாக எடுத்திருந்தால் அதுவும் இராது. இன்னும் தள்ளி நடுவுக்குக் கொண்டு போகவா என்று கை துடிச்சுது. 'ஒட்டோ' அதைத்தான் செய்திருந்தது. ஆனால் நடு என்பது அம்மம்மாவின் இடமில்லை. விட்டுவிட்டோம்.

சரியான மலை என்று ஒரு வடிவம் கிடையாது. விளக்கு வெளிச்சத்தில் கூத்து எடுத்தால் மலை இடப்பக்கம் குவிந்துதான் இருக்கும், அது பிழையில்லை. சிவப்புக் கூறைச்சீலையை எடுத்தால் மொத்த வரையம் நல்லாய்த் தெரிய, சிவப்பு வரையம் மட்டும் தனியாகச் சுவரில் முட்டி நூல்வேலையைத் தின்றிருக்கும். மூன்று நிறங்களையும் பிரித்துப் பார்க்க வேணும். கமராவின் திரையில் வரும் வரையம் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்துக் கீறினது, ரோவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதெல்லாம் பழகப் பழக வரும். பழகினாலும் வராத ஒன்று இருக்கு: இந்த முகம் எங்கே நிற்க வேணும் என்ற தீர்மானம். அதை வரையம் எடுக்காது. நாங்கள் எடுக்காவிட்டால், எங்களைக் கண்டிராத யாரோ எப்பவோ எடுத்து வைத்த தீர்மானம் பட்டனுக்குள் இருந்து வேலை செய்யும்.

மூன்றாவது பிரிண்டை அம்மம்மா நெடுநேரம் பார்த்தா. ஆர் என்று இந்த முறை கேட்கவில்லை.

"கொஞ்சம் மெலிஞ்சு போனன், என்ன?" என்றா.